இரண்டு முகவரிப் பெட்டி

டேப்பின் நுனியைப் பல்லில் கடித்தபடி ஒரு பிஸ்கட் பெட்டியின் வாயை அடைத்துக்கொண்டிருந்தபோதுதான் டப்பாக்காவின் காதில் அந்தச் செய்தி விழுந்தது. எவளோ ஒருத்தி, கூடப் பிறந்த அக்காவை அவமானப்படுத்துவதற்கென்றே ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறாளாம். கீழ்த்தளத்துத் தையல்காரம்மா சொன்னாள். அவளிடம் பேன்ட் நீளம் குறைக்க வந்த ஓர் அம்மாள் அவளுக்குச் சொன்னது. அந்த அம்மாளின் மகளுடைய மாமியாருக்குத்தான் பார்சல் வந்ததாம்.

"உள்ள என்னன்னு நினைக்கிறீங்க? ஒரு கைக்கண்ணாடி. பிடி வச்சது. ஒரு வரி எழுதல, நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை இல்ல. உன் மூஞ்சிய முதல்ல நீ பாத்துக்கோன்னு சொல்லாமச் சொல்லியிருக்கா, அக்கா."

கண்ணாடி என்றதும் டப்பாக்காவின் கை ஒரு நொடி நின்றது. ஆனால் அவளிடத்தில் எப்போதும் யோசனை வருவதற்குள் கோபம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். டேப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவளெல்லாம் ஒரு பொம்பளையா? நேர்ல வந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருந்தா அதுல ஒரு மரியாதை இருக்கு. பார்சலாம், கண்ணாடியாம். அவ வீட்ல பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது."

தையல்காரம்மா கையிலிருந்த தண்ணீர்த் தம்ளரிலிருந்து இன்னொரு வாய் குடித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

டப்பாக்கா என்பது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு வைத்த பெயர். பிள்ளைகள் வைத்தார்கள், பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கும் தெரியும். கூடத்தில் சோபா இருக்க வேண்டிய சுவரோரம் முழுக்க அட்டைப்பெட்டிகள்: செருப்பு வந்தது, பால்மாவு வந்தது, சுவர்க்கடிகாரம் வந்தது, எந்த வீட்டுப் பிரிண்டருக்கோ மை வந்தது. பெரியதன் வயிற்றில் சின்னது, அதன் வயிற்றில் இன்னும் சின்னது என்று அத்தனையும் பிள்ளைத்தாய்ச்சிகளாக நிற்கும். நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவர், சாப்பிட்ட தட்டைக் கழுவப் போவதற்குக்கூடப் பக்கவாட்டில்தான் நடப்பார். "இந்த வீட்ல சும்மா ஒரு எடத்துல இருக்கற பொருளையெல்லாம் வித்துடறா," என்பார். "அதான் நான் அப்பப்போ இருமிக்கறது."

அவள் விற்பது துணை இழந்த சாமான்கள். ஆறு கோப்பையில் ஒன்று உடைந்த வீட்டுக்கு அந்த ஆறாவது. மூடி தொலைந்த சர்க்கரைச் சாடிக்கு மூடி. வீடு மாற்றுகிறவர்கள் தூக்கவும் மனமில்லாமல் எறியவும் மனமில்லாமல் விட்டுப்போகும் பொருள்களை வாங்கி வந்து, துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து இணையத்தில் போடுவாள். "முழு செட்டை எவன் வேணா விப்பான்," என்பது அவள் பேச்சு. "ஒத்தையா நிக்கறதுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறதுதான் வியாபாரம்."

வாங்குகிறவர்களோடு அவளுக்குத் தகராறு வருவது பொருளால் இல்லை, பெட்டியால். காசு கொடுத்துப் புதுப் பெட்டி வாங்குவது அவள் சட்டத்தில் குற்றம். நல்ல பெட்டியைக் காலால் மிதித்து நசுக்கிக் குப்பை அறையில் போடுவது அதைவிடப் பெரிய குற்றம். ஐந்தாம் மாடிப் பொறியாளர் ஒருநாள் மைக்ரோவேவ் வந்த பெட்டியின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். "அது உங்களை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். அவர் இறங்கிவிட்டார். இறங்கியது மட்டுமில்லை, லிஃப்ட் வரை அவரே சுமந்து வந்து கொடுத்தார். இப்போதெல்லாம் ஏதாவது பெட்டி வந்தால் அவர் மனைவி அதைச் சத்தமில்லாமல் அவள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள், திருட்டுப்பொருளை வைப்பதுபோல.

ஒரு கடை மேலாளர் பூச்சாடி வாங்கியிருந்தார். அளவுக்குச் சரியாகப் பொருந்தியது முதியோர் டயப்பர் பெட்டி ஒன்றுதான். அதைத் தன் அலுவலகத்துக்கே அனுப்பச் சொன்னது அவர் செய்த பிழை. மொத்த அலுவலகமும் இப்போது தன்னைக் கரிசனத்தோடு பார்க்கிறது என்று மூன்று பத்தி எழுதி, ஒற்றை நட்சத்திரமும் கொடுத்தார். டப்பாக்கா பதில் எழுதினாள்: "உள்ளே இருப்பது உடைந்திருந்தால் சொல்லுங்கள். வெளியே இருப்பதை ஊர் வாசித்ததற்கு நான் என்ன செய்ய?" சாடியில் ஒரு கீறல் இல்லை. அவள் அனுப்பியது எதிலும் இதுவரை கீறல் விழுந்ததில்லை. கட்டி முடித்த பெட்டியைக் காதோடு வைத்துக் குலுக்குவாள். லேசாக ஒரு முனகல் கேட்டாலும் பிரித்து மறுபடி அடைப்பாள். அடைக்க முட்டை அட்டை, ஒற்றைக் காலுறை, தையல்காரம்மா வாரம் ஒருமுறை கொண்டுவரும் வெட்டுத் துணி. அன்றைக்கும் அவள் அந்தத் துணி மூட்டையோடுதான் வந்திருந்தாள்.

"இன்னும் கேளுங்க," என்றாள் தையல்காரம்மா. தம்ளர் காலியாகியிருந்தது. "அந்தக் கண்ணாடிய எதுல சுத்தி அனுப்பியிருக்கா தெரியுமா? அந்த அக்கா தன் கையால ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் குடுத்திருக்காங்க தங்கச்சிக்கு. அதோட கை. கத்தரிக்கோலால வெட்டின ஒத்தக் கை. அந்தம்மாவுக்குக் கண்ணுல புரை, பாவம், ஆபரேஷன் வேற வச்சிருக்காங்க. தடவிப் பாத்தே சொல்லிட்டாங்களாம், இது நான் போட்ட பின்னலாச்சேன்னு. சரியாச் சாப்பிடறதுகூட இல்லையாம்."

டப்பாக்கா பிஸ்கட் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"அந்த எவளோ ஒருத்தி இருக்காளே," என்றாள், "அது நான்தான்."

தையல்காரம்மா தம்ளரைப் பார்த்தாள். பிறகு அதை மிக மெதுவாகத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தாள். "அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன், அக்கா," என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த அக்கா தங்கைக்கு நடுவே ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரிப்பெட்டி வந்த பெட்டி, இரட்டை அட்டை, முனைகளில் துணி ஒட்டிப் பலப்படுத்தியது. ஒரு முகத்தில் பெரியவளின் முகவரி. புரட்டினால் மறு முகத்தில் சின்னவளின் முகவரி. பெரியவள் இருப்பது ஒரு பகல் ரயில் தூரத்தில் உள்ள வேறொரு ஊர். வந்ததை எடுத்துக்கொண்டு, தன் பங்கை வைத்து, பெட்டியைப் புரட்டி அனுப்பிவிட வேண்டும். வெறுமையாக மட்டும் திரும்பக் கூடாது. அது ஒன்றுதான் விதி. முழங்கால் தைலம் போகும். சிரிப்புத் துணுக்குகளுக்குப் பேனாவால் கோடு போட்ட வார இதழ் வரும். ஒருமுறை பெரியவள் தன் பேரனின் விழுந்த பல்லை அனுப்பியிருந்தாள், சின்னவளின் விரலைக் கடித்த அதே பல் என்ற குறிப்போடு. தொலைபேசியில் பேசினால் இருவருக்கும் பத்தாவது நிமிடம் சண்டை வந்துவிடும். யார் அம்மாவைக் கடைசியில் அதிகம் பார்த்துக்கொண்டது என்ற சண்டை. பெட்டிக்குள் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

போன குளிரில் பெட்டி கம்பளிச் சட்டையோடு வந்தது. கழுத்து மாட்டிக்கொண்டது. இழுத்துப் போட்டுப் பார்த்தால் இடது கை மணிக்கட்டோடு நின்றது, வலது கை விரல்களைத் தாண்டித் தொங்கியது. டப்பாக்கா கண்கள் கலங்கும் அளவுக்குக் கோபப்பட்டாள். "கடனேன்னு பின்னியிருக்கா. என் கை ரெண்டும் ஒரே நீளம்னுகூட அவளுக்கு ஞாபகம் இல்ல." நன்றி சொல்லவில்லை. பதிலுக்கு என்ன வைப்பது என்றும் ஓடவில்லை. பெட்டி அலமாரிமேல் ஏறி உட்கார்ந்தது.

பிறகு அக்காவே அழைத்து, கண்ணில் ஆபரேஷன், வந்து பத்து நாள் கூட இருடி என்றாள். அந்த அழைப்பில் சண்டை வரவில்லை. டப்பாக்கா அன்றே ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டாள். பெட்டியில் வைத்து அனுப்புவதற்கு என்ன இருக்கிறது, நேரில்தான் போகப் போகிறோமே என்று அதை மறந்தும் போனாள். அந்தச் சமயத்தில் கைக்கண்ணாடி விற்றது. நீளப் பிடி. வீட்டில் இருந்த எந்தப் பெட்டியிலும் அடங்காமல், அலமாரிமேல் இருந்ததில் மட்டும் அளவெடுத்ததுபோல் படுத்தது. கண்ணாடிக்குத் துணி போதாது, கம்பளி வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டியது நீளமாக இருந்த கையைத்தான்.

மற்ற பெட்டிகளில் பழைய முகவரியைத் தடித்த கறுப்புப் பேனாவால் ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழிப்பாள். இந்தப் பெட்டியில் தன் முகவரியின்மேல் வாங்கியவரின் முகவரித்தாளை ஒட்டினாள். மறுபக்கம் அக்காவின் முகவரி. பேனாவின் மூடியைத் திறந்தாள், திரும்ப மூடிவிட்டாள். அதை மட்டும் அழிக்கக் கை வரவில்லை.

அதன்பிறகு இரண்டு அநியாயங்கள் அடுத்தடுத்து நடந்தன. அப்படித்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வரவில்லை என்று வாங்கியவர் தினமும் எழுதினார். அக்கா மகனிடமிருந்து ஒரு வரி வந்தது: "சித்தி, நீங்க வர வேண்டாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க. நர்ஸ் ஏற்பாடு பண்ணிட்டோம்." காரணம் இல்லை. பார்சல்காரர்களைத் திட்டிய வாயால் அக்காவையும் திட்டினாள். இரண்டும் ஒரே அநியாயம் என்பது, தையல்காரம்மா தண்ணீர் குடித்து முடித்த அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்சல் நிலையத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்தவர் அவளை நன்றாக அறிந்தவர். அவள் வந்தால் எழுந்து நின்றுவிடுவார். பயம் கால்வாசி, மரியாதை முக்கால்வாசி.

"மேல ஒட்டின தாள் கழண்டு போச்சும்மா. எத்தனை தடவை சொன்னேன், அந்தக் கோந்து வேணாம், ஈரத்துல நிக்காதுன்னு. ஒரு பக்கம் உங்க முகவரி, இன்னொரு பக்கம் உங்க அக்கா முகவரி. நீங்க குடுத்த பொட்டி உங்களுக்கே வரக் கூடாதில்லையா, அதான் அவங்களுக்கு அனுப்பினோம். வழக்கமா அங்கதானே போகும்?"

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமில்ல?"

"எதைக் கேக்கறது? தெரிஞ்ச பொட்டி. எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். ரெண்டு முகவரிப் பொட்டின்னே பேரு. போன தடவை மூலை கிழிஞ்சிருந்ததை நான்தான் ஒட்டி அனுப்பினேன்."

அவர்மேல் கோபப்படுவதற்கு எங்குமே பிடி கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஒழுங்காக வேலை பார்க்காதவனைத் திட்டலாம். இத்தனை அக்கறையாக வேலை பார்த்துக் குடியைக் கெடுத்தவனை என்னவென்று திட்டுவது? "ஒரு கீறல் இல்லாமப் போய்ச் சேந்துச்சாம்," என்று மட்டும் சொன்னாள். "வழியில உடைஞ்சாவது தொலைஞ்சிருக்கக் கூடாதா? வெறும் கண்ணாடித் தூளா இருந்தா, ஐயோ தங்கச்சி ஏதோ அனுப்பினா உடைஞ்சு போச்சேன்னு நினைச்சிருப்பா."

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் கணவர் தலையில் விழுந்தது. அவர் பணி முடிந்து வந்து சீருடைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருஷம். சின்ன வயசுல ஒரே போர்வைக்குள்ள கூடப் படுத்தவ. நான் மனசுல ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பண்றவளா? எனக்குக் கோவம் வந்தா தெரு முழுக்கக் கேக்கும். அது அவளுக்குத் தெரியாதா? கண்ணாடி அனுப்பிக் குத்திக் காட்டற அளவுக்கு எனக்குப் பொறுமை ஏது?"

"அது வாஸ்தவம்," என்றார்.

"ஏண்டி இப்படிப் பண்ணினேன்னு ஒரு போன் போட்டுக் கேக்க வாய் இல்லையா அவளுக்கு? சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லத் தெரியுது. பேன்ட் தைக்கிற எடத்துல எல்லாம் என் மானம் தொங்குது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?"

"நீ கேட்டியா?"

"நான் எதைக் கேக்கணும்?"

"சட்டை ஏன் சின்னதா இருக்கு, ஒரு கை ஏன் நீளமா இருக்குன்னு."

அவர் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். அவருக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை உண்டு, தேறினால்தான் பேருந்து. எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு போய் மாட்டிக்கொண்ட சக ஓட்டுநர்கள் கதை அவரிடம் நிறைய இருக்கிறது.

"புரை ஒரே நாள்ல விழுந்துடாது," என்றார். "வருஷக்கணக்கா வரும். வெளிய காட்டிக்க மாட்டாங்க. சுவரைத் தொட்டுக்கிட்டே நடப்பாங்க, கேட்டா சும்மா நடக்கறேன்பாங்க. எண்ணி எண்ணிப் பின்னியிருப்பாங்க. நடுவுல எங்கயோ எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும்."

"அதைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"சொன்னா பின்னாதேன்னு நீ கத்தியிருப்ப."

அதற்கும் அவளிடம் கோபம் இருந்தது. அவ்வளவு சரியாக ஏன் பேசுகிறார் என்ற கோபம். உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். ஒரு கை இல்லாத சட்டையை எடுத்தாள். இத்தனை நாள் அதை ஒரு முறைக்கு மேல் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. மார்புப் பக்கம் முழுக்க நெருக்கமான, ஒழுங்கான பின்னல். கழுத்துக்குப் போகப் போக வரிசை குலைந்து, ஒரு கண்ணி விட்டு, விட்ட கண்ணியைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டிருந்தது. பல இடங்களில் முடிச்சு. பிரித்துப் பிரித்துப் பின்னியிருக்கிறாள். கடனே என்று பின்னுகிறவள் பிரிக்க மாட்டாள்.

"இதெல்லாம் ஒரு வேலையா," என்றாள், யாரிடமும் இல்லாமல். "கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை. யார் கேட்டா?" குரல் கோபத்தில்தான் இருந்தது. சட்டையை மடித்தபோது கை கோபத்தில் இல்லை.

ஆபரேஷன் நாளை மறுநாள். ரயில் நாளைக் காலை. முன்பதிவை அவள் ரத்து செய்திருக்கவில்லை. வர வேண்டாம் என்று சொன்ன அன்றே செய்திருக்கலாம், கை போகவில்லை. போய் வாசலில் நின்றால் அக்கா கதவைத் திறப்பாள், அது நிச்சயம். ஊர் பார்க்குமே என்பதற்காகத் திறப்பாள். அப்படித் திறந்த கதவுக்குள் போய்ப் பத்து நாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட முடியுமா? வா என்று அவள் வாயால் ஒரு சொல் வர வேண்டும்.

"நீங்க பேசுங்க," என்று கணவரிடம் கைபேசியை நீட்டினாள்.

"என் கையை வெட்டினதா இருந்தா நான் பேசுவேன்."

"நேரம் பாத்து ஜோக் அடிக்கறீங்க."

"நீயே பேசும்மா. கத்தினாலும் பரவாயில்ல. நீ கத்தினாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை வரும், நம்ம தங்கச்சிதான்னு."

பெட்டிகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடத்தில் நின்று ஒத்திகை பார்த்தாள். முதலில் கோந்தின்மேல் பழி போடுவதாக இருந்தது. கோந்து, கழன்ற தாள், கவுன்ட்டர்காரர், பிறகு சம்பந்தியம்மாள், அவளுக்குத் தனியாக நாலு வார்த்தை. அதன்பிறகு, நீ எப்படி என்னை அப்படி நினைக்கலாம் என்ற கேள்வி. வாய்க்குள்ளேயே ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. சட்டைக்கு வந்தபோது வரிசை அறுந்தது. மறுபடி கோந்திலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அங்கேயே அறுந்தது.

"வெட்டினது தப்புன்னு முதல்லயே சொல்லிடவா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

கணவர் விசிறியின் வேகத்தைக் குறைத்தார், பேச்சு கேட்கட்டும் என்று.

அழைத்தாள். ஒருதரம் முழுக்க அடித்து நின்றது. பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பாள், அடுப்படியில் இருப்பாள், கண் தெரியாமல் கைபேசியைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று தானாகவே காரணங்கள் சொல்லிக்கொண்டாள். வேண்டுமென்றே எடுக்காமல் இருப்பாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டாம் முறை அழைத்தாள். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது. அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தச் சத்தம் எந்த மூலையிலிருந்து வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

படம் தெரியாத, வெறும் குரல் அழைப்புதான் அது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. டப்பாக்கா கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். உதட்டோரம் ஒட்டியிருந்த டேப் துணுக்கைக் கிள்ளி எடுத்தாள். முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டு, நேராக நின்றாள்.